கிடங்கும் கோணியும்

நம் முன்னோர் கடல் கடந்து வாணிபம் செய்த நாள்களில் சரக்கோடு சொற்களும் கப்பலேறின. அவற்றுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ‘கிடங்கு’. மலாய் மொழியில் ‘கூடாங்’ என்றும் ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்றும் வழங்கும் சொல், தமிழ்க் ‘கிடங்கு’, தெலுங்குக் ‘கிட்டங்கி’ ஆகியவற்றோடு உறவுடையது என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். போன சொல்லை நாம் ‘குடோன்’ என்று திரும்பவும் வாங்கிக்கொண்டோம். மற்றொன்று ‘கோணி’. மலாயில் அது ‘குனி’. சிங்கப்பூரில் வீடு வீடாகச் சென்று பழைய பொருள் வாங்குவோரைக் ‘காருங் குனி’ என்பர். சாக்குப் பை என்பதே அதன் பொருள். நம்மூரில் பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் தந்தவர் இருந்தாரல்லவா, அவருடைய கடல் கடந்த சகோதரர் இவர்.

அரபியில் பொருள் சேர்த்து வைக்கும் இடத்திற்கு ‘மக்ஸன்’ என்று பெயர். நாம் வழங்கும் ‘கஜானா’வும் அதே வேரில் பிறந்ததுதான். அச்சொல் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று ‘மேகஸின்’ ஆயிற்று. 1731ஆம் ஆண்டில் இலண்டனில் ஒருவர் தம் மாத வெளியீட்டுக்கு அப்பெயரைச் சூட்டினார். அதன் பிறகே அது இதழைக் குறிக்கலாயிற்று. ஆகவே நீங்கள் கையில் வைத்திருக்கும் இதுவும் ஒருவகைச் சரக்கறையே. ஆயினும் இச்சரக்கறையில் வைத்தது மாதந்தோறும் வெளியே போய்விடுகிறது. உள்ளே போனது வெளியே வராத சரக்கறைகளைப் பற்றியே நான் இன்று எழுதப் புகுந்தேன்.

சென்ற ஆண்டு அரபுக் கல்லூரியின் நீண்ட விடுமுறையில், சிங்கப்பூரிலுள்ள என் தமக்கை மகன் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவர் அங்கே, வீட்டில் இடமில்லாதோர் தம் பொருள்களை வைத்துக்கொள்ளச் சிறு அறைகளை மாத வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் மேலாளர். ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று அதைச் சொல்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவரே பூட்டுவார், அவரே திறப்பார். உள்ளே இருப்பதை நிறுவனம் பாராது.

இத்தொழில் 1960-களில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் உருவம் பெற்றது. 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘பப்ளிக் ஸ்டோரேஜ்’ போன்ற நிறுவனங்கள் அதை நாடெங்கும் பரப்பின. இன்று அந்நாட்டில் இத்தகைய கிடங்குகள் 50,000-க்கும் மேல். ஏறத்தாழப் பத்துக் குடும்பங்களில் ஒன்று இப்படியோர் அறை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இது பரவியது இந்த நூற்றாண்டில்தான். அங்கே பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். நமக்குள்ள பரணும் மச்சும் கொல்லைப்புறக் கொட்டகையும் அவர்களுக்கு ஏது?

கிடங்கு அந்நகருக்குப் புதிதன்று. சிங்கப்பூர் ஆற்றங்கரையின் ‘போட் கீ’ முழுவதும் ஒரு காலத்தில் கிடங்குகளாகவே இருந்தது. கப்பலிலிருந்து அங்கே சரக்கேற்றி வந்த படகோட்டிகளில், தொடக்க காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியாக்கள் மிகுதி. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன; 1989இல் போட் கீ பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழைய கிடங்குகளில் இன்று உணவகங்கள் நடக்கின்றன. அந்தப் பழைய கிடங்குகளில் மிளகும் அரிசியும் ரப்பரும் வந்தன, சில வாரங்களில் போயின. நின்றுவிட்ட சரக்கு வணிகனுக்கு நட்டம். இன்றைய வாடகை அறையிலோ, பொருள் நிற்க நிற்க நிறுவனத்துக்கு வருமானம். வேறுபாடு இதுதான், இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே சொல்வதைப் படிக்க வேண்டும்.

என் மருமகன் தம் கிடங்கைச் சுற்றிக் காட்டினார். தொழிற்பேட்டையில் ஒரு பழைய பல மாடிக் கட்டடம். புதிதாகக் கட்டாமல் பழையதைத் திருத்திக்கொண்டதே முதற் சிக்கனம் என்றார். நடைவழியில் நாம் கால் வைத்தால் தலைக்கு மேல் விளக்கு எரிகிறது. கடந்ததும் பின்னால் அணைகிறது. ஆளில்லாத கிடங்கில் இரவு முழுதும் விளக்கெரிந்த காலம் போயிற்று. எல்லா மாடிகளையும் குளிரூட்டுவதில்லை; துணி, புத்தகம், மின்கருவி வைப்போருக்கென இரண்டு மாடிகள் மட்டும் குளிரூட்டப்படுகின்றன. மற்றவற்றில் காற்றோட்டமும் ஈரமுறிஞ்சும் கருவியும் உண்டு. அந்நாட்டின் ஈரக்காற்றில் பூசணமே முதற் பகை. பூசணம் பிடித்த பொருள் யாருக்கும் உதவாமல் குப்பைக்குப் போகும் என்பதால், ஈரத்தைக் காப்பதும் ஒருவகையில் குப்பையைக் குறைப்பதே.

மின்தூக்கிக்கு அருகில் ஓர் அலமாரி இருந்தது. அதில் மடக்கி அடுக்கிய அட்டைப் பெட்டிகள், குமிழ்த்தாள் சுருள்கள், கயிறு. ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சியதை வைத்துச் செல்லலாம்’ என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தார்கள். புதிய பெட்டிகள் விற்பதில் கிடங்குக்கு ஒரு வரும்படி உண்டு. அந்த அலமாரி வந்த பின் அவ்வரும்படி குறைந்துவிட்டதாம். முதலாளி முகம் சுளித்தபோது, பெட்டிக்கு வந்தவர் அறைக்கும் வருகிறார் என்று கணக்குக் காட்டி இவர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். வீடு மாற்றுவோருக்கு அட்டைப் பெட்டிக்குப் பதிலாகத் திருப்பித் தர வேண்டிய பிளாஸ்டிக் தொட்டிகளை வாடகைக்கு விடுகிறார்கள். சரக்குக்கு அடியில் இடும் மரப் பேலட்டுகள் உடைந்தால், இரண்டைப் பிரித்து ஒன்றாக்குகிறார்கள்.

இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் மாதக் கடைசியில் அங்கே நின்று பார்த்தபோது, இவை எவ்வளவு சிறியவை என்பது விளங்கிற்று. அன்றுதான் அறைகளைக் காலி செய்வார்கள். மெத்தைகள், ஈரத்தில் ஊதிப்போன மரத்தூள் பலகை அலமாரிகள், ஒரு கால் இழந்த நாற்காலிகள், பெட்டி பிரிக்காத பரிசுப் பொருள்கள் சரக்கு மேடையில் குவிந்தன. ஒருவர் 20 சதுர அடி அறைக்கு மாதம் 120 வெள்ளி வீதம் ஐந்தாண்டு கட்டியிருந்தார். மொத்தம் 7,200 வெள்ளி. உள்ளே இருந்தவற்றைக் கடையில் புதிதாக வாங்கினாலும் 2,000 வெள்ளி ஆகாது. ஐந்தாண்டுக்கு முன் கொடுத்திருந்தால் ஓர் ஏழைக் குடும்பம் அந்தக் கட்டிலில் ஐந்தாண்டு படுத்திருக்கும். இப்போது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவாரில்லை. அறநிலையங்களும் நல்ல நிலையில் உள்ளதைத்தானே ஏற்கும்?

“மாமா, இங்கே வருகிறவர்கள் எல்லாரும் மூன்று மாதத்துக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று ஆண்டு கழித்தும் அறை அவர்கள் பெயரில் இருக்கும். உள்ளே என்ன வைத்தோம் என்பதை மறந்திருப்பார்கள்” என்றார் மருமகன்.

மறந்தவை எங்கே போகின்றன? சிங்கப்பூர் 750 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய நாடு. எரிக்கத்தக்க குப்பையை உலைகளில் எரித்து, அதன் பருமனை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக்கி, சாம்பலைப் படகிலேற்றிப் புலாவ் செமாக்காவ் தீவுப் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். 1999இல் திறந்த அந்தக் குப்பைத் தீவுதான் அவர்களுக்குள்ள ஒரே இடம். அது 2035ஆம் ஆண்டளவில் நிறைந்துவிடும் என்று அரசே எச்சரித்திருக்கிறது. அங்கு அனுப்பப்படும் குப்பையை 2030க்குள் 30 சதவீதம் குறைப்பதென்று 2019இல் இலக்கு வகுத்தார்கள். ஆனால் 2023இல் வீடுகளின் மறுசுழற்சி அளவு 12 சதவீதமே. குடியிருப்புகளில் வைத்துள்ள நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 சதவீதம், உணவுக் கழிவும் பிறவும் கலந்து, மறுசுழற்சிக்கு உதவாமற் போகிறது. தொட்டி வைத்தால் மட்டும் போதாது. போடுகிறவருக்கு இது இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த உண்மையை அந்தக் கிடங்கின் மூன்றாம் மாடியில் ஓர் அறை எனக்கு நன்றாகக் காட்டியது.

நம் கடற்கரை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அவ்வறையை எடுத்திருந்தார். பல்லாண்டு அங்கே தொழில் செய்தவர். வீட்டைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பும்போது, ‘அடுத்த வருகையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாமான்களை அங்கே பூட்டிச் சென்றார். அடுத்த வருகை வாய்க்கவில்லை, ஊரிலேயே மௌத்தாகிவிட்டார். வாடகை நின்றது. நிறுவனம் முறைப்படி அறிவிப்புகள் அனுப்பிற்று. வேறொரு நாட்டில் வாழும் அவருடைய மகன், ‘எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள், செலவைக் கட்டிவிடுகிறேன்’ என்று மின்னஞ்சலில் பதில் எழுதிவிட்டார். மாத இறுதிக்குள் அறை காலியாக வேண்டும்; இரண்டே நாள் இருந்தது.

பூட்டைத் திறந்தார்கள். ஒரு தையல் எந்திரம், பித்தளைப் பாத்திரங்கள், மெத்தை, நாளிதழ்க் கட்டுகள், இரண்டு தகரப் பெட்டிகள். பெட்டிகளில் முழுவதும் காகிதம். பழைய காகிதம் எடுக்க வந்த காருங் குனிக்காரர் ஒரு சீன முதியவர். நாளிதழ்களைக் கட்டி எடுத்தவர், பெட்டிக் காகிதங்களைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார். ‘இது உங்கள் வேத எழுத்து. நான் தொடமாட்டேன்’ என்றாராம். கிடங்கில் வேலை செய்யும் வங்காளதேச இளைஞரும் அஞ்சினார். என் மருமகனுக்கு அரபி ஓதத் தெரியும், ஓதிப் பார்த்தார். எழுத்து ஒலிக்கிறது, சொல் விளங்கவில்லை. என்னை அழைத்தார்.

நான் ஒரு கட்டைப் பிரித்தேன். முதல் ஏட்டின் தலைப்பில் 1958ஆம் ஆண்டின் ஒரு தேதி. அதற்குக் கீழே: சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், புளி, ஒவ்வொன்றுக்கும் எடை, விலை, கடன் வைத்தவர் பெயர். வேதமன்று, வெங்காயக் கணக்கு! சுற்றி நின்றோர் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அது அரபுத்தமிழ். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி, வலமிருந்து இடமாகத் தமிழை எழுதும் முறை. தமிழகத்திலும் இலங்கையிலும் நம்மவர் பல நூற்றாண்டுகள் அதில் நூல் இயற்றினர், கடிதம் எழுதினர், கணக்கும் வைத்தனர். பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதக் கற்காத எத்தனையோ பெண்கள், ஓதுமிடத்தில் கற்ற எழுத்தைக் கொண்டு கணவனுக்கு மடல் எழுதினர். இன்று அதைத் தடையின்றிப் படிப்போர் மிகச் சிலர்.

இரண்டு இரவு நானும் மருமகனும் அமர்ந்து பிரித்தோம். கணக்கேடுகள் ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம், பத்திரங்கள் ஒரு பக்கம். பூசணமும் கரையானும் தின்று எழுத்தே தெரியாதவை நான்காம் குவியல். கடிதங்களில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மழையில் வடக்குச் சுவர் விழுந்தது. ஓடு மாற்ற 40 ரூபாய் ஆயிற்று. பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது. அனுப்பிய சேலையின் நிறம் நன்று, நீளம் போதாது. அந்தப் பல் முளைத்த பிள்ளைதான், எல்லாவற்றையும் அகற்றச் சொன்ன மகன் என்பதைத் தேதியைக் கொண்டு உணர்ந்தேன்.

மருமகன் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். நான் அக்கடிதத்தைப் படித்தேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, ‘இன்னொரு முறை படியுங்கள்’ என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று நான் எண்ணவில்லை. பெட்டியில் என்ன இருந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை; சொன்னாலும் அவரால் படிக்க முடியாது. அறியாத ஒன்றை ஒருவர் எப்படி மதிப்பார்?

கடிதங்களும் பத்திரங்களும் அவருக்கு அனுப்பப்பட்டன. கணக்கேடுகளைத் தேசிய நூலகத்தாரின் பார்வைக்கு அனுப்ப அவர் இசைந்தார். ஒரு சிறு கடையின் வெங்காய விலை அந்நகரின் வரலாற்றுக்கும் உதவக்கூடும். தையல் எந்திரம், வீட்டிலிருந்தே தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்மணிக்குப் போயிற்று. பித்தளையையும் நாளிதழையும் காருங் குனிக்காரர் எடுத்துக்கொண்டார். காகிதம் 50 கிலோவுக்கு அவர் கொடுத்தது 4 வெள்ளி. மெத்தையும் நான்காம் குவியலும் எரியுலைக்குச் சென்றன. அக்குவியலில் என்னென்ன எழுதியிருந்ததோ, அது செமாக்காவின் சாம்பலுக்குத்தான் தெரியும்.

மறுசுழற்சி என்றால் பொருளைக் கூழாக்கி மீண்டும் வார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். அதற்கு முன்னே ஒரு படி இருக்கிறது: இது இன்னது, இன்னார்க்கு உதவும் என்று அறிந்து பிரிப்பது. அந்த அறிவு எந்திரத்தினிடத்தில் இல்லை. பொருளுக்கு உரியவரிடத்தில் இருக்கிறது. அவர் போன பின் அது வெறும் எடைக்குரிய சரக்கு. கிடங்குகள் செய்யக்கூடிய பெருநன்மை, அந்த அறிவு அழியுமுன் அதைக் கேட்டு வாங்கி வைப்பதே.

இதை மருமகனிடம் சொன்னேன். அவர் ஒரு தாள் தயாரித்தார். அறை எடுக்கும்போது கையெழுத்திடும் படிவத்தோடு அது தரப்படுகிறது. அதில் மூன்று கேள்விகள். உள்ளே வைப்பவை யாவை? உங்களைத் தொடர்புகொள்ள இயலாவிடில் யாரைக் கேட்பது? திரும்ப எடுக்கப்படாதவற்றை யாருக்குக் கொடுக்கலாம்? தமிழ் வாசகத்தை நான் எழுதிக்கொடுத்தேன். ஆண்டுக்கொரு முறை அத்தாளை வாடகையாளருக்கே அனுப்பி, ‘இவை இன்னும் வேண்டுமா?’ என்று கேட்பதென்றும் முடிவு செய்தார்.

‘வேண்டாம் என்று சொல்லி அறையைக் காலி செய்துவிட்டால் உங்கள் நிறுவனத்துக்கு வாடகை போகுமே?’ என்று கேட்டேன். போகும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மறக்கப்பட்ட அறைகளே பின்னர் வாடகை பாக்கியாக நிற்கின்றன. அறிவிப்பு, பூட்டு உடைப்பு, லாரிக் கூலி, குப்பைக் கட்டணம் எல்லாம் நிறுவனத்தின் தலையில் விழுகின்றன. காலியான அறைக்குப் புதியவர் வருவார். இந்தக் கணக்கை முதலாளி முழுமனத்தோடு ஏற்றாரென்று சொல்ல மாட்டேன். ஓராண்டு பார்க்கலாம் என்றிருக்கிறார். பத்துப் பேரில் ஐந்தாறு பேர் தாளை நிரப்புகிறார்களாம். மற்றவர்கள் மூன்றாம் கேள்வியில் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். தாம் இல்லாத நாளைப் பற்றி எழுத யாருக்குத்தான் கை வரும்? வஸிய்யத்தை எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்ட நாமே அதை எத்தனை ஆண்டு தள்ளிப்போடுகிறோம்!

இது சிங்கப்பூர்க் கதைதானே என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம் ஊர்களில் வாடகைக் கிடங்கு இல்லை. பூட்டிய வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, உம்மாவின் அலமாரியும் வாப்பாவின் பெட்டியும் உள்ளே இருளில் இருக்கின்றன. ஈரமும் கரையானும் வாடகை கேட்பதில்லை, பொருளையே எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஒருநாள் வீட்டை விற்கும்போது, மொத்தமாக ஒரு பழைய சாமான்காரரை அழைத்து எடைக்குப் போடுகிறோம்.

இவ்விடுமுறையில் பிள்ளைகள் ஊர் வரும்போது, விருந்து முடிந்த ஒரு பிற்பகலில் பெட்டியைத் திறந்து அவர்களை அருகில் உட்கார வையுங்கள். இது யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது, இனி யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். உடுத்தாத துணியை இப்போதே கொடுத்துவிடுங்கள். இன்னும் பத்தாண்டு கழித்து அது துணியாக இராது. ஓடாத கடிகாரத்தைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அரபு எழுத்தில் ஏதேனும் ஏடு இருந்தால், அது வேதமா வெங்காயக் கணக்கா என்று சொல்லத் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் இன்னும் ஒருவரேனும் இருப்பார். அவர் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொன்னதை ஒரு தாளில் தமிழில் எழுதி, அந்த ஏட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.